இலவசமாகப் படிக்கிறோம் என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாப் படிப்பும் கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது, வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம், படிக்க மனமில்லாதவர்கள்தான் வேலையில்லை என்று புலம்புகிறார்கள் என்பது அவர் கருத்து. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாதிக்கு மேல் எனக்கும் சம்மதம்தான். அந்த ‘இலவசம்’ என்ற சொல்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். ஒரு செலவை ஏட்டில் ஏற்றாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரிலுள்ள பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். கடிதமெல்லாம் அந்தப் பெயருக்குத்தான் வருகிறது, எங்கள் வாயில் மட்டும் இன்னும் பழைய பெயர். பிறந்தது தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். 1994இல் எஸ்.பி.எம். என்கிற பள்ளி இறுதித் தேர்வை முடித்தேன். கிள்ளானில் மாலை வகுப்புக்குப் போய் லண்டன் வணிகச் சபையின் எல்.சி.சி.ஐ. கணக்குப் பரீட்சை எழுதினேன். 1997இல் தோட்ட அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை கிடைத்தது. தொழிலாளர் வருகைப் பதிவான செக்ரோல் சரிபார்ப்பது, சம்பளம் போடுவது, உரம், மருந்து ஸ்டாக் எழுதுவது என்று 16 வருஷம் ஓடியது. 2013இல் கணக்கு வேலை முழுவதையும் தலைமையகத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். கோலாலம்பூருக்கு வரச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், முட்டி வலியோடு அம்மா. வர முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து கூடத்து மூலையில் ஒரு மேசை, ஒரு கணினி. முதலில் ஊரில் இருந்த இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதினேன். இப்போது ஒன்பது பேருக்கு எழுதுகிறேன். அவர்களில் ஐந்து பேரை நேரில் பார்த்ததே கிடையாது. பில்லைப் படம் பிடித்து அனுப்புவார்கள், நான் கணக்கை முடித்து அனுப்புவேன், சம்பளம் வங்கியில் ஏறும். ஒருவர் பினாங்கில் இருக்கிறார். அவர் குரலை வைத்து நான் நினைத்திருந்த முகம் வேறு, வீடியோ அழைப்பில் வந்த முகம் வேறு. அது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத கதை.

கம்பெனியில் இருந்த காலத்தில் ஒரு முறை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஹோட்டலில் குளுகுளு அறை, காலையில் நாசி லெமாக், மத்தியானம் பஃபே, சாயங்காலம் சான்றிதழ். அந்த இரண்டு நாளும் எனக்குச் சம்பளம் உண்டு. அதைத்தான் சொல்ல வருகிறேன். நான் உட்கார்ந்து படித்ததற்குக் கூலி கொடுத்தார்கள். இன்றைய சட்டப்படி 10 மலேசியர்கள் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம், அவர்களுடைய சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கார்ப் என்கிற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாக, அதாவது கட்டாயக் கட்டணமாகக் கட்ட வேண்டும். ஊழியர்களைப் பயிற்சிக்கு அனுப்பும்போது அந்தப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வீட்டு மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கிற என் போன்றவளுக்கு லெவி கட்ட யார் இருக்கிறார்கள்? அதே கழகத்தின் இ-லத்தே இணையத் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம், நானும் படித்திருக்கிறேன். ஆனால் படிக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது.

சரி, 2015க்கு வருகிறேன். அந்த வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. என்கிற பொருள் சேவை வரி வந்தது, 6 விழுக்காடு. வருஷத்துக்கு 500,000 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, மேல் வியாபாரம் செய்கிறவர்கள் எல்லாரும் பதிந்துகொள்ள வேண்டும். என்னிடம் கணக்குக் கொடுத்திருந்த மளிகைக்கடையும் ஹார்ட்வேர் கடையும் அந்த வரம்பைத் தாண்டியவை. எனக்கோ ஜி.எஸ்.டி. என்றால் என்னவென்றே தெரியாது. பெரிய கணக்காய்வு நிறுவனங்கள் நடத்திய ஒருநாள் வகுப்புக்குப் போக என்னிடம் பணம் இல்லை. அதனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு யூடியூபில் படித்தேன். அரிசிக்குப் பூஜ்யம், பிஸ்கட்டுக்கு 6. வாங்கிய சாமானுக்கு நாம் கட்டிய வரி ஒரு பக்கம், விற்றதில் வசூலித்த வரி ஒரு பக்கம், வித்தியாசத்தைச் சுங்கத் துறைக்குக் கட்ட வேண்டும். மூன்று மாதத்தில் மூன்று நோட்டுப் புத்தகம் நிறைந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

ஹார்ட்வேர் கடை அண்ணன் அந்த வருஷம் கடைப் பேரில் ஒரு கார் வாங்கினார். 70,000 வெள்ளி, அதற்கு ஜி.எஸ்.டி. 4,200. கார் கடை வேலைக்குத்தானே என்று அந்த 4,200ஐத் திரும்பக் கிடைக்கிற வரியில் சேர்த்துப் படிவத்தை அனுப்பிவிட்டேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் பார்த்த வீடியோவில் ஓர் ஆசிரியர் அழகாக, நிறுத்தி நிதானமாக, கார் வாங்கினால் வரியை எப்படித் திரும்பப் பெறுவது என்று எடுத்துக்காட்டோடு சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து, வேறெதையோ தேடிச் சுங்கத் துறையின் வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினால், பயணிகள் காருக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க முடியாது என்று அச்சாகக் கிடக்கிறது. அதற்கென்று பி.எல். என்று ஒரு தனி வரிக்குறியே இருந்தது. அந்தக் குறியை நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எங்கே பயன்படுத்துவது என்றுதான் தெரிந்திருக்கவில்லை. வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆஸ்திரேலிய ஆசிரியர். அவர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. பாடத்தில் தப்பில்லை, நாடுதான் தப்பு.

அன்று இரவு தூங்கவில்லை. காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். அண்ணன் கேட்டார்: “என்னாம்மா, நீயே தப்பு பண்ணி, நீயே கண்டுபிடிச்சு, நீயே வந்து சொல்றியே? சொல்லாம இருந்தா எனக்கு என்னா தெரியும்?” எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. படிவத்தைத் திருத்தி அனுப்பி, பணத்தைக் கட்டினோம். மூன்று மாதம் நான் அவரிடம் கூலி வாங்கவில்லை. அவர் கொடுக்கத்தான் வந்தார், நான்தான் வேண்டாம் என்றேன். என் தனிப்படிப்புக்கு நான் கட்டிய முதல் ஃபீஸ் அது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. எதைப் படித்தாலும் முதலில் கேட்பது, இது எந்த நாட்டு விதி, எந்த வருஷத்து விதி என்றுதான். 2017 ஜூலை 1இல் இந்தியாவிலும் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்குப் பிறகு தமிழில் ஜி.எஸ்.டி. என்று தேடினால் முழுக்க முழுக்கத் தமிழ்நாட்டு வீடியோக்கள். மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்று அங்கே வரி இரண்டாகப் பிரிகிறது. நம் ஊரில் அப்படி ஒன்றுமே கிடையாது. தமிழில் படிக்க ஆசைப்படுகிற மலேசியக்காரருக்கு இது ஒரு தனிச் சங்கடம். மொழி நம்முடையது, சட்டம் வேறு யாருடையதோ. வரிக்கு மட்டுமில்லை, வேலை ஒப்பந்தம், காப்புறுதி, சேமநிதி எதைத் தேடினாலும் இதே கதைதான்.

அப்புறம் 2018 வந்தது. ஜூன் 1இல் ஜி.எஸ்.டி.யைப் பூஜ்யமாக்கினார்கள். செப்டம்பர் 1இல் பழைய எஸ்.எஸ்.டி. என்கிற விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. என் மூன்று நோட்டுப் புத்தகமும் ஒரே நாளில் பழைய பேப்பராகிப்போனது. எத்தனை ராத்திரி விழித்துப் படித்தது! மேசை மேல் அவற்றை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து என்னவென்று கேட்டார். சொன்னேன். “ஓ, செம்பன வந்த மாதிரியா” என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

அம்மா 13 வயதில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுப் பழகியவர். பாட்டியோடு விடியாத காலையில் காட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முதலில் பால் பிடிக்கிற மங்கைத் துடைப்பது, காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை எடுப்பது. கத்தி கைக்கு வர ஒரு வருஷம் ஆனதாம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே மர வரிசையில், நிரையில் இறங்கியாக வேண்டும். பட்டையை மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும், புதுப் பட்டை வளரும்போது முண்டும் முடிச்சுமாக வரும், பிறகு அந்த இடத்தில் கத்தி ஓடாது. நடுவில் இருக்கிற அந்த மயிரிழை அளவை யாரும் அம்மாவுக்கு வாயால் சொல்லித்தரவில்லை. பாட்டி வெட்டுவதைப் பார்த்து, தான் வெட்டி, மேற்பார்க்கிற கங்காணியிடம் திட்டு வாங்கி, மறுபடி வெட்டித்தான் வந்தது. அப்படிப்பட்ட கை, தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனைக்கு மாறியதும் உதிரிப்பழம் பொறுக்கப் போனது. 25 வருஷத்து வித்தைக்கு ஒரு நாளில் வேலை இல்லை. ஆனால் இப்போதும் காரில் போகும்போது எங்காவது ரப்பர் மரத்தைப் பார்த்துவிட்டால் கண்ணாடியை இறக்கச் சொல்வார். “பாரு, இவன் ஆழமா இழுத்துப்புட்டான்” என்பார். அந்த மரத்தை வெட்டியவன் யாரென்றே தெரியாது. அவன் மேல் அம்மாவுக்கு நிஜமான கோபம்.

ஜி.எஸ்.டி. போனாலும் என்னிடம் மிச்சமிருந்தது அந்த மாதிரி ஒரு கண்தான். 2024 மார்ச் 1இல் சேவை வரியை 8 விழுக்காடாக உயர்த்தினார்கள்; சாப்பாட்டுக் கடை, தொலைத்தொடர்பு, கார் நிறுத்துமிடம், சரக்குப் போக்குவரத்து மட்டும் பழைய 6இலேயே நின்றன. அதே வருஷம் ஆகஸ்ட் 1இல் இ-இன்வாய்ஸ் என்கிற மின்னணு பில் முறை தொடங்கியது. முதலில் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்கிற பெரிய நிறுவனங்கள், பிறகு படிப்படியாகக் கீழே. இதையெல்லாம் நான் படித்த விதம் 2015இல் படித்த விதமில்லை. முதலில் வருமான வரி வாரியம் வெளியிட்ட வழிகாட்டி, அப்புறம் என் வாடிக்கையாளர் ஒருவரின் பழைய பில்லை எடுத்து வைத்துக்கொண்டு வாரியத்தின் இணையத்தளத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிப் பார்ப்பது, வீடியோ கடைசியில். ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமும் கேட்டேன். சின்ன வியாபாரிகளுக்கு எந்த வரம்பு வரை விலக்கு என்று கேட்டதற்கு, 150,000 வெள்ளி என்று அடித்துச் சொன்னது. அது தொடக்கத்தில் அறிவித்த கணக்கு. பிறகு உயர்த்திவிட்டார்கள். 2015இல் அந்தச் செயலி என்னிடம் இருந்திருந்தால் இன்னும் இரண்டு கார்களுக்கு வரி கேட்டிருப்பேன்.

இப்போது அந்த ‘இலவச’த்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை நான் படிக்கிற நேரம். அந்த நேரத்தில்தான் எங்கள் தாமான் குடியிருப்பில் இணைய லைன் ஒழுங்காக இருக்கும், அம்மாவும் எழுந்து வெளியே வந்திருக்க மாட்டார். வாரத்துக்கு 2 மணி நேரம் என்றால், தீபாவளி, தைப்பூசம், காய்ச்சல், சாவு எல்லாம் போக வருஷத்துக்கு 50 வாரம் வைத்தால் 100 மணி நேரம். என் ஒரு மணி நேரக் கூலி 40 வெள்ளி. ஆக, வருஷத்துக்கு 4,000 வெள்ளியை நான் படிப்புக்குச் செலவழிக்கிறேன். அந்த நேரத்தில் இன்னொரு கடையின் கணக்கை எழுதியிருந்தால் கைக்கு வந்திருக்கும் பணம் அது. வருமான வரியில் புத்தகம், கணினி, கைப்பேசி, இணையக் கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளி வரை உண்டு. அங்கீகாரம் பெற்ற உயர்கல்விக்குக் கட்டணம் கட்டினால் 7,000 வரை உண்டு. செவ்வாய்க்கிழமை காலைக்குக் கழிவு கிடையாது.

இந்த 4,000 வெள்ளியை என் விலையில் சேர்க்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. 2019இல்தான் ஒவ்வொருவரிடமும் கூலியை உயர்த்திக் கேட்டேன். “அதே கணக்குதானே எழுதுறே, எதுக்கு ஏத்துறே?” என்று ஒருவர் கேட்டார். அதே கணக்கு இல்லை, நான்கு வருஷத்தில் இரண்டு தடவை வரி மாறியிருக்கிறது, இரண்டு தடவையும் நான் படித்து வந்துதான் உங்களுக்கு எழுதினேன் என்று சொன்னேன். இரண்டு பேர் விட்டுப் போனார்கள். ஒருவர் எட்டு மாதத்தில், பிளாஸ்டிக் பை நிறைய பில்லோடு திரும்பி வந்தார்.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவளுக்குப் படிக்கிற நேரத்தைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. கணினியில் பில்லைத் திறந்து வைத்திருந்தால் வேலை செய்கிறாள் என்று ஒத்துக்கொள்கிறார்கள். வீடியோ ஓடினால் படம் பார்க்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா நல்லவர், எனக்கு ஆத்திர அவசரத்துக்கு ஓடி வருகிறவர். ஆனாலும் “வீட்டுலதானே இருக்கே, கேஸ் தோங் வந்தா வாங்கி வெச்சிடு” என்பதை எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “என்னாடி, இந்த வயசுல பரீட்சையா எழுதப் போறே?” என்றார். என் வீட்டுக்காரருக்கே அந்த நேரம் வேலை நேரம் என்று புரிய இரண்டு வருஷம் ஆனது. இப்போது கதவில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன்: செவ்வாய் 8 வரை வேலை. ‘படிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், யாரும் மதிக்கவில்லை. ‘வேலை’ என்று மாற்றிய பிறகுதான் தட்டுவது நின்றது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகனுக்கு வயது 24. கல்யாண வீடியோ, கம்பெனி விளம்பரம் என்று வீட்டிலிருந்தே எடிட்டிங் செய்கிறான். போன வருஷம் அவன் கணினியைப் பார்த்தேன். 14 படிப்புகளில் சேர்ந்திருக்கிறான். முடித்தது இரண்டு. மிச்சம் பன்னிரண்டும் பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு என்று தொங்குகின்றன. சலுகை விலை போடும்போதெல்லாம் வாங்கிவிடுவானாம். படிப்பை வாங்குவதற்கும் படிப்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. நான் திட்டவில்லை. “கடைசியா செஞ்ச வேலையில எங்கப்பா மாட்டுன?” என்று மட்டும் கேட்டேன். மண்டபத்தில் ஜெனரேட்டர் சத்தம் மேளத்தோடு கலந்து பதிவாகிவிட்டது, அதைப் பிரிக்கத் தெரியவில்லை என்றான். அந்த ஒன்றை மட்டும் படி என்றேன். மூன்று சாயங்காலத்தில் படித்து, அதே வீடியோவைச் சரிசெய்துவிட்டான். இது அந்தப் பன்னிரண்டில் எதிலும் இல்லை.

ஆனால் அவனுக்கு எடிட்டிங்கைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது. ஒரு நிறுவனம் அவனிடம் 1,800 வெள்ளிக்கு வேலை வாங்கிக்கொண்டு பணம் தரவில்லை. எழுதி வாங்கியது ஒன்றுமில்லை, முன்பணம் இல்லை, எத்தனை தடவை திருத்தித் தருவது என்ற பேச்சும் இல்லை. வாட்ஸ்அப்பில் ‘ஓகே ப்ரோ’ என்று ஒரு வரிதான் இருந்தது. தொழிலைத் தானாகவே கற்றுக்கொள்கிற பிள்ளைகள், தொழிலைச் சுற்றி இருக்கிறதைக் கற்றுக்கொள்வதில்லை. கொட்டேஷன் எழுதுவது, பாதிப் பணம் முன்னால் வாங்குவது, வருமான வரிக்கு சம்பளக்காரர்கள் நிரப்புகிற பி.இ. படிவம் வேறு, நாம் நிரப்ப வேண்டிய பி படிவம் வேறு, அதற்கு ஜூன் 30 கெடு என்பது. இதெல்லாம் சுவாரசியமான வீடியோவாக வருவதில்லை.

மாதம் 3,000 வெள்ளி வருகிறது, சம்பளத்துக்கு வேலை செய்கிற நண்பனுக்கும் 3,000தான் என்று சந்தோஷப்பட்டான். நான் பேனாவை எடுத்தேன். நண்பனுடைய முதலாளி அவன் சேமநிதியில் 13 விழுக்காடு போடுகிறார், மாதம் 390 வெள்ளி. அது உனக்கு யார் போடுவது? மருத்துவ விடுப்பு நாளுக்கு அவனுக்குச் சம்பளம், உனக்கு? அந்தப் பயிற்சி லெவியும் உன் கணக்கில் இல்லை. பையன் முகம் சுருங்கிவிட்டது, பாவம். இப்போது சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் மாதம் 100 வெள்ளி போடுகிறான். நாம் போடுவதற்கு மேல் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. சுயதொழில் செய்கிறவர்களுக்கான பெர்கேசோ சமூகப் பாதுகாப்பிலும் சேர்ந்திருக்கிறான். துண்டு துண்டாக வேலை எடுத்துச் செய்கிற கிக் தொழிலாளர்களுக்கென்று 2025 ஆகஸ்டில் மக்களவையில் மசோதா நிறைவேறியதே, அதையும் உட்கார்ந்து படி என்று சொல்லியிருக்கிறேன். படித்தானா தெரியவில்லை.

தானே படிப்பது என்றால் தனியாகப் படிப்பது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மால்கம் நோல்ஸ் என்று ஓர் அமெரிக்கக் கல்வியாளர், பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதியவர். தனக்கு என்ன தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதும், எதைக் கொண்டு படிப்பது என்று தேடுவதும், படித்தது தேறியதா என்று பார்ப்பதும் கற்கிறவர் தாமே முன்வந்து செய்கிற காரியங்கள் என்று 1975இலேயே எழுதிவிட்டார். பிறர் உதவியோடோ உதவி இல்லாமலோ என்று ஒரு வார்த்தையும் அதில் சேர்த்திருந்தார். எனக்கு அந்த வார்த்தைதான் பிடித்தது. கங்காணி இல்லாத நிரையில் வெட்டுகிறவளுக்கு, தன் வெட்டைத் தானே பார்த்தால் ஆழம் தெரியாது.

எங்களுக்கு நான்கு பேர் கொண்ட ஒரு குழு இருக்கிறது. ஈஜோக்கில் ஒருவர் மொழிபெயர்ப்பு செய்கிறார், தெலுக் இந்தானில் ஒருவர் அழைப்பிதழ், லேபிள் வடிவமைக்கிறார், சுங்கை பட்டாணியில் ஒருவர் இணைய வகுப்பு எடுக்கிறார். வியாழக்கிழமை ராத்திரி 9 மணிக்கு முக்கால் மணி நேரம் பேசுவோம். அந்த வாரம் படித்ததை மற்ற மூவருக்கும் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கணக்கே தெரியாத மூன்று பேருக்கு இ-இன்வாய்ஸைச் சொல்லும்போது எனக்கு எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே நான் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு தடவை பத்து நிமிஷம் விளக்கிய பிறகு தெலுக் இந்தான்காரி கேட்டாள்: “அக்கா, நீங்க சொல்றது உங்களுக்குப் புரிஞ்சிச்சா?” புரியவில்லைதான்.

கடிதம் நீண்டுவிட்டது. உங்களிடம் கேட்க வந்தது ஒன்று இருக்கிறது. சினிமாவுக்கு நான்கு பக்கம் கொடுக்கிறீர்கள், நானும் விடாமல் படிக்கிறேன். வாரத்துக்கு அரைப் பக்கம், வீட்டிலிருந்து சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒதுக்க முடியுமா? மலேசியச் சட்டம், மலேசிய வரி, மலேசியச் சேமநிதி, நம் தமிழில். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்கூடத் தன் வேலை அனுபவத்தைக் கோப்பாகத் தொகுத்துக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. 21 வயது தாண்டியவர் அனுபவ அடிப்படையில் பட்டப்படிப்புக்குப் போக ஏப்பல் என்று ஒரு வழி இருக்கிறது. எங்கள் தாமானில் இதைப் பற்றிக் கேள்விப்பட்ட பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. இதை எழுத ஆள் இல்லை என்றால் வரிப் பகுதியை நான் எழுதித் தருகிறேன். காசில்லாமல் இல்லை, ஆனால் கட்டுப்படியாகிற விலையில்.

என் பெயரைப் போட வேண்டாம். ஹார்ட்வேர் கடை அண்ணன் உங்கள் வாசகர். அந்த 4,200 வெள்ளியை அவர் மறந்து ரொம்ப நாளாகிறது, நான் எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

இன்று செவ்வாய்க்கிழமை. உட்கார்ந்தது 6 மணிக்கு, இப்போது 8 அடிக்கப் போகிறது. எஸ்.எஸ்.டி. வழிகாட்டியில் ஒரு பகுதி படிக்க வைத்திருந்தேன், அது அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது. இந்த 80 வெள்ளியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா எழுந்துவிட்டார்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகி,
பத்தாங் பெர்ஜுந்தை